பவளம் எந்தத் தட்டில்?

ஐம்பதுகளின் கடைசியில் கொடைக்கானலில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சராக இருந்தேன். வகுப்பறைக் கண்ணாடி அலமாரியில் மேல்தட்டு பிராணிகளுக்கு, கீழ்த்தட்டு கற்களுக்கு. கருங்கல்லுக்கும் பளிங்குக்கும் நடுவே ஒரு வெள்ளைப் பவளத் துண்டு கிடந்தது. அது கல் இல்லை, குட்டிக் குட்டிப் பிராணிகள் கூடிக் கட்டிய வீடு என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். தலைமையாசிரியையோ, பிள்ளைகளைக் குழப்ப வேண்டாம் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிரோடு ஒன்றைக் கொண்டுவந்து காட்டாவிட்டால் நான் டீச்சரே இல்லை என்று கறுவிக்கொண்டேன்.

கடற்கரை ஊரான மண்டபத்தில் என் அக்கா வீடு. விடுமுறைக்குப் போனபோது, கடலுக்குள் வெட்டிய பவளத்தை வள்ளம் வள்ளமாகக் கொண்டுவந்து சுண்ணாம்புக் காளவாசலுக்குக் குவித்திருந்தார்கள். நேற்றுவரை மீனும் நண்டும் குடியிருந்த இடம். அப்போதுதான் கரை சேர்ந்த வள்ளத்தில், பழுப்பு நிறம் மாறாத, இன்னும் உயிர் இருந்த ஒரு சிறு துண்டைக் கெஞ்சி வாங்கி, பால் கேனில் கடல் தண்ணீர் நிரப்பி அதில் போட்டுக்கொண்டேன்.

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது பஸ் கொதித்து நின்றது. கண்டக்டர் நேரே வந்து என் கேனில் கை வைத்தார்.

“ரேடியேட்டருக்கு ஊத்தணும்மா, வெரசா குடுங்க.”

“உள்ள உசுரு கெடக்குய்யா. தொட்டீங்கன்னா நடக்கிறதே வேற.”

பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. அவர் முணுமுணுத்துக்கொண்டே ஓடையைத் தேடிப் போனார். வளைவுக்கு வளைவு குளிர் ஏறியது. வெதுவெதுப்பான தண்ணீரில் வாழ்கிற ஜீவன் அது. கேனைச் சேலைத் தலைப்பால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

வீட்டில் கணப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்து, காலையில் கண்ணாடித் தொட்டிக்கு மாற்றி, வகுப்பு ஜன்னல் வெயிலில் வைத்தேன். துண்டு கல்லாகவே இருந்தது. பிள்ளைகள் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்கள், பிறகு நெளிந்தார்கள். முன்பெஞ்சுக்காரி ஒருத்தி கொட்டாவி விட்டாள். நான் ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். மணி அடிக்கப் போகிற நேரத்தில் அவளேதான், “மிஸ், கை நீட்டுது” என்றாள். மெல்லிய பழுப்பு விரல்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து அசைந்தன. அத்தனை பேரும் முட்டி மோதிக்கொண்டு வந்துவிட்டார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்த வாரமே குளிர் அதைக் கொன்றது. சதை கரைந்து நாறியது. தலைமையாசிரியை ஆள் வைத்துத் தேய்த்துக் கழுவி, வெள்ளை வெளேரென்று கீழ்த்தட்டில் பழைய துண்டுக்குப் பக்கத்தில் வைத்தார். இப்போதுதான் பார்க்க நீட்டாக இருக்கிறது என்று என்னிடமே சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

மறுநாள் இரண்டு துண்டுகளும் மேல்தட்டில், புட்டிப் பாம்புக்கும் பாடம் செய்த வௌவாலுக்கும் நடுவே இருந்தன. தலைமையாசிரியை இறக்கி வைத்தார். அடுத்த நாள் மறுபடியும் மேலே. நான் தொடவே இல்லை. யார் வைத்தது என்று வகுப்பையே நிற்கவைத்துக் கேட்டார். கடைசியில் அந்தக் கொட்டாவிக்காரிதான் சொன்னாள்.

“அது கல்லு இல்லீங்க மேடம். நாங்க பாத்தோம்.”