சாச்சா வெல்டிங் வைத்த அச்சாணி

தங்க நிறம் பூசிய ட்ரில் பிட்களைச் செய்து, பெட்டியில் அடைத்து விற்கிறவர்களின் கணக்கை மறுமையில் அல்லாஹ் பார்த்துக்கொள்வான். இம்மையில் எனக்கும் அவர்களுக்கும் உள்ள கணக்கு இன்னும் தீரவில்லை. வளர்ந்து, படித்து, பிள்ளை பெற்று, கரைத்தீவை விட்டு வந்து இத்தனை காலமான பிறகும் ஏதாவது ஹாட்வெயார் கடையில் அந்தப் பெட்டியைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். இரும்பை வெட்டாத ஒரு சாமானுக்கு இரும்பு வெட்டும் பிட் என்று பேர் வைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்?

அப்போது நாங்கள் கரைத்தீவில், கடல்நீர் ஏரியான புத்தளத்துக் களப்பின் கரையில், போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்ட எங்கள் ஆட்கள் குடியேறிய பகுதியில் இருந்தோம். நான் பிறந்ததே அங்கேதான். வாப்பா கட்டாரில் லொறி ஓட்டினார். வீட்டில் உம்மா, கல்யாண வயதில் மூத்தவள் ராத்தா, அடுத்தது நான். பின்பக்கத்து அறையில் வாப்பாவின் தம்பி, என் சாச்சா. எதைக் கண்டாலும் திருத்திவிட வேண்டும் என்பது சாச்சாவின் வியாதி. எங்கள் வீட்டு மின்விசிறியும் ரேடியோவும் அவர் கை பட்ட நாளிலிருந்து ஓய்வில் இருந்தன.

எங்கள் ஒழுங்கையில் இருந்த வீடுகள் எல்லாவற்றுக்கும் ஒரேயொரு குழாய்க்கிணறு. கைப்பிடியை மேலும் கீழும் அடித்தால் தண்ணீர் வரும். கைப்பிடியைத் தாங்கும் அச்சாணி அடிக்கடி தேய்ந்துவிடும். சில நேரம் யாராவது கழற்றிக்கொண்டும் போவார்கள். அரசாங்கக் கந்தோரில் போய்ச் சொன்னால், "நீங்க மன்னாருக்குத் திரும்பிப் போற ஆக்கள்தானே, இங்க என்னத்துக்கு?" என்பார்கள். மன்னாரில் போய் வேறு ஏதாவது கேட்டால், "நீங்க இப்ப புத்தளத்து ஆக்கள்தானே" என்பார்களாம். நாங்கள் எந்த ஊர்க்காரர் என்பதை ஓர் அச்சாணி கொடுக்கும் அளவுக்குக்கூட ஒருவரும் தீர்மானிக்கவில்லை.

இந்த அநியாயத்துக்கு சாச்சா முடிவு கட்டினார். இனி எவனிடமும் போய்ப் பல்லிளிக்கத் தேவையில்லாத ஓர் அச்சாணி செய்ய நினைத்தார். பழுதான லொறி ஒன்றின் கியர்ப் பெட்டியிலிருந்து தண்டு ஒன்றை எடுத்து, கராஜில் அளவாக வெட்டுவித்து, குழாய்க்கிணற்றின் தலையில் அடித்து ஏற்றினார். களவு போகாமல் இருக்க இரண்டு முனையிலும் வெல்டிங் வைத்தார்.

"கியாமத்து வரைக்கும் இது அசையாது, மதினி," என்றார் உம்மாவிடம்.

அவர் வாக்குப் பொய்க்கவில்லை. அச்சாணி அசையவே இல்லை. கைப்பிடிதான் அச்சாணி நுழையும் இடத்தில் பிளந்துபோனது. அதுவும் எப்போது? ராத்தாவைப் பெண் பார்க்க வருவதற்கு முதல் நாள், வியாழக்கிழமை.

வரப்போகிறவர்கள் புத்தளத்தையே பூர்வீகமாகக் கொண்ட ஆட்கள். மாப்பிள்ளையின் வாப்பாவுக்குக் களப்பில் படகுகள் ஓடின. எங்கள் பக்கத்துப் பெண்ணை எடுக்க அவர்கள் சம்மதித்ததே பெரிய காரியம் என்று ஒழுங்கையில் கதைத்தார்கள். அந்தக் கதை காதில் விழும்போதெல்லாம் உம்மாவின் முகம் இறுகும். ராத்தா படித்தவள், வாயாடாதவள், பார்க்கவும் நன்றாக இருப்பாள். அவளைக் கல்யாணம் செய்வது எப்படித் தர்மக் கணக்கில் சேரும் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

தண்ணீருக்கு வேறு வழி இல்லாமல் இல்லை. ரோட்டைத் தாண்டினால் ஒரு கல்வீடு, அதன் முற்றத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு. அந்த வீட்டு மாமி மாப்பிள்ளையின் உம்மாவுக்கு மூத்த ராத்தா. சாச்சா வாளியைத் தூக்கியதும் உம்மா மறித்தார்.

"அந்தக் கிணத்தடிக்கு ஒருத்தரும் போகப்படா. என்ட மகள் அந்தக் குடும்பத்துக்கு மருமகளாப் போகணும். தண்ணிக்கு வந்தவளாப் போகப்படா."

சாச்சா வாளியை வைத்துவிட்டார். பக்கத்து ஒழுங்கையில் கைவிடப்பட்ட குழாய்க்கிணறு ஒன்றிலிருந்து நல்ல கைப்பிடி ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்தார். அதை மாட்ட வேண்டுமானால் பழைய அச்சாணி வெளியே வர வேண்டும். வெல்டிங் வைத்த அச்சாணி எப்படி வரும்? சம்மட்டிக்கு மசியவில்லை. வாள் போடவும் இடமில்லை. நடுவால் துளைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லி, சாச்சா சந்தைக்கு ஓடினார். திரும்பி வரும்போது கையில் அந்தப் பெட்டி இருந்தது.

திறந்து காட்டினார். சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாகப் பிட்கள். நகைக்கடையில் மோதிரம் வைத்ததுபோல் அத்தனையும் பளபளவென்று மின்னின. சந்தைக்காரன் ஒரு தகட்டை எடுத்துக் கண்முன்னாலேயே ஓட்டை போட்டுக் காட்டினானாம். அது என்ன தகடு என்று சாச்சா கேட்கவில்லை. அலுமினியமாக இருந்திருக்கும். சாப்பிடுகிற பாணைத் துளைத்துக் காட்டியிருந்தாலும் சாச்சா வாங்கியிருப்பார்.

வெள்ளி காலையில் தச்சு வேலைக்காரர் ஒருவரின் ட்ரில் மெசினை இரவல் வாங்கி, எங்கள் வீட்டிலிருந்து வயர் இழுத்து சாச்சா வேலையைத் தொடங்கினார். ஒழுங்கை முழுக்க ஓர் அலறல். உம்மா காதைப் பொத்தவில்லை. குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். வீட்டில் மிஞ்சியிருந்தது ஒரு குடம் தண்ணீர். அது உலைக்கே காணாது. வருகிறவர்களுக்குத் தொழுகைக்கு ஒளூச் செய்ய, குடிக்க, கை கழுவ என்ன செய்வது?

முதல் பிட் புகைந்தது. எடுத்துப் பார்த்தால் அதன் நுனி நீலமாகி, கூர் மழுங்கி, தங்கமெல்லாம் கருகியிருந்தது. அச்சாணியில் ஓட்டை இல்லை, ஒரு பொட்டு மட்டும் இருந்தது. சாச்சா அடுத்ததை மாட்டி, தன் நெஞ்சையே மெசினில் சாய்த்து அழுத்தினார். அது வெயிலில் வைத்த மெழுகுதிரிபோல வளைந்தது. இரும்பு வளைந்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டேன். மூன்றாவது முறிந்து, துண்டு பறந்துபோய் வேலியில் செருகிக்கொண்டது. எட்டிப் பார்த்த ராத்தாவின் கண்ணில் பட்டிருந்தால் யார் பொறுப்பு? சந்தைக்காரனா? அதைச் செய்த ஃபெக்டரியா? பெட்டியில் அவர்களுடைய பேர்கூட இல்லை. பேர் போட வெட்கப்படுகிற அளவுக்காவது அவர்களிடம் மானம் இருந்தது.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. வெட்டாமல் சுற்றுகிற பிட், உரசி உரசிச் சூடேற்றி, ஏற்கனவே கடினமான இரும்பின் முகத்தைக் கண்ணாடிபோல இறுக்கிவிடும். ஒவ்வொரு தோல்வியும் அடுத்ததற்கு வழியை அடைத்துக்கொண்டே போனது. இது தெரியாமல் சாச்சா ஜும்மாவுக்கும் போகாமல் துளைத்துக்கொண்டிருந்தார். நானும் ஒவ்வொரு பிட்டையும் பிஸ்மில்லாஹ் சொல்லி எடுத்துக் கொடுத்து, திட்டி வாங்கி வைத்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தபோதும் மெசின் அலறிக்கொண்டுதான் இருந்தது. பெண்கள் உள்ளே போனார்கள். மாப்பிள்ளையின் வாப்பா, வெள்ளைச் சாரம் உடுத்து, அத்தர் வாசத்தோடு, சத்தம் வந்த பக்கம் நடந்தார். சாச்சா வியர்த்து, எண்ணெயும் கரியுமாக நிமிர்ந்தார். எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன்.

அவர் குனிந்து, கருகிய பிட் ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

"சந்தையில வாங்கினதா?"

"ஓம்," என்றார் சாச்சா.

"என்னையும் ஏமாத்திட்டானுகள். படகு எஞ்சின் பூட்டுற இரும்பில ஒரு ஓட்டை போட ஏலாம மூணு மாசமா இரிக்கிறன்."

அதன்பிறகு நடந்தது எனக்குப் பெருநாள்தான். மாப்பிள்ளையின் வாப்பா சட்டைக் கையை மடித்தார். கூட வந்த மாமா ஒருவர் தன் வீட்டுப் பெட்டியைக் கொண்டுவர ஆள் அனுப்பினார். வந்தது அதே பெட்டி. ஒழுங்கைக்காரர் ஒருவரும் தன்னுடையதைக் கொண்டுவந்தார். அதுவும் அதே தங்கம். மெதுவாகச் சுற்றச் சொன்னார் ஒருவர், தேங்காயெண்ணெய் விடச் சொன்னார் இன்னொருவர். எல்லாப் பிட்களும் கருகின. கருகக் கருக அவர்களுக்குள் ஒற்றுமை வளர்ந்தது. சந்தைக்காரனை ஏசி முடிப்பதற்குள் நிக்காஹ் எந்த மாதம் என்பதும் அந்தக் குழாய்க்கிணற்றடியிலேயே பேசி முடிந்துவிட்டது.

அச்சாணியைப் பிறகொரு நாள் கற்பிட்டியிலிருந்து வந்த ஒரு கராஜ்காரர்தான் எடுத்தார். அவருடைய பிட் மங்கிய சாம்பல் நிறம், பார்வைக்கு ஒன்றுமே இல்லை. எண்ணெய் விட்டு, அவசரப்படாமல் ஆறுதலாக அழுத்த, சுருள் சுருளாக இரும்பு வந்தது. அதைப் பார்த்தபோதுதான் என் ஆத்திரம் இரட்டிப்பானது. வெட்டக்கூடிய பிட் உலகத்தில் இருக்கிறது. எங்கள் சந்தைக்குத்தான் அது வரவில்லை.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை தண்ணீர் வேறு வழியால் வந்தது. சத்தத்தின் காரணம் உள்ளே தெரிந்ததும், பெண்களோடு வந்திருந்த கிணற்று வீட்டு மாமி எழுந்து உம்மாவின் தோளைத் தட்டினார்.

"அட, ஒரு வார்த்த செல்லியிருந்தா அனுப்பியிரிப்பமே. நீங்க வந்த புதுசிலயும் நாங்கதானே தண்ணி தந்த. எங்களுக்கு இது புதுசா?"

எவ்வளவு நல்ல மாமி என்று நினைத்தேன். சற்று நேரத்தில் பீப்பாய் நிறையத் தண்ணீர் தள்ளுவண்டியில் வந்திறங்கியது. உம்மா சிரித்த முகத்தோடு "ஜஸாகல்லாஹ்" என்று நன்றி சொன்னார். அந்தத் தண்ணீரில் தேத்தண்ணீர் ஊற்றினார், சர்பத் கரைத்தார், எல்லோருக்கும் தன் கையாலேயே கொடுத்தார். தான் மட்டும் ஒன்றும் வாயில் வைக்கவில்லை.

"நீங்க குடிக்கலியா உம்மா?" என்று கேட்டேன்.

"நான் இண்டைக்கு நோன்பு," என்றார்.

காலையில் என்னோடு இருந்து பாண் சாப்பிட்டவர். மறந்துபோய்ச் சாப்பிட்டால் நோன்பு முறியாது என்று மத்ரஸாவில் படித்திருந்ததால், மறந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். மாலை மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும், விருந்தாளிகள் போய் வெறுமையாகியிருந்த வீட்டில், நல்ல பிள்ளையாக ஒரு பேரீச்சம்பழமும் ஒரு கிளாஸ் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுத்தேன். உம்மா பழத்தை வாயில் போட்டுக்கொண்டார். கிளாஸோடு வெளியே போனவர், முருங்கை மரத்தின் அடியில் தண்ணீரை ஊற்றிவிட்டு, வெறுங் கிளாஸைக் கவிழ்த்து வைத்தார்.

குழாய்க்கிணறு பழுதாகிக் கிடக்கிற நாளில் ஒரு கிளாஸ் நல்ல தண்ணீரை இப்படி வீணாக்கலாமா? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மாமி ஆசையாக அனுப்பிய தண்ணீர் என்று உம்மாவிடம் சொல்லியும் பார்த்தேன். உம்மா எங்கள் காலி வாளியைக் கொண்டுபோய்க் குழாய்க்கிணற்றடியில் வைத்தார்.