பூசணம் பூத்த ஜாடி

சித்தப்பா துபாயிலிருந்து லீவில் வந்து, இரண்டு மாதம் இருந்துவிட்டுத் திரும்பிப் போன பிறகுதான் சித்தி முழுகாமல் இருக்கிறாள் என்று வீட்டில் பேச்சு வந்தது. கல்யாணமாகி ஐந்து வருஷம். அதற்கு முந்தின வாரம் வரை, தம்பிக்கு வேறு பெண் பார்க்க வேண்டும் என்று சித்தியின் காதுபடவே சொல்லிக்கொண்டிருந்த அத்தை, அப்பாவின் அக்காள், எங்கள் வீட்டுச் சர்வாதிகாரி, அன்றைக்குச் சாயங்காலமே கோமதியம்மன் கோவிலுக்குப் போய்ப் புற்றுமண் வாங்கிவந்து சித்தியின் நெற்றியில் பூசினாள்.

புதுப் பதவியில் சித்திக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் ஊறுகாய் ஜாடி. வீட்டுக்குத் தூரமான பெண் தொட்டால் ஊறுகாயில் பூசணம் பூக்கும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மற்றப் பெண்கள் மாதம் மூன்று நாள் கொல்லைக் கொட்டகைக்குப் போகிறவர்கள். ஊறுகாய் ஊறும் நாற்பது நாளும் ஜாடியைப் பிரியாமல் இருக்கக்கூடியவள் இப்போது சித்தி ஒருத்திதான். சித்தப்பாவோடு வேலை பார்க்கும் கடையநல்லூர்க்காரர் லீவு முடிந்து திரும்பிப் போகும்போது நாலு பாட்டில் கொண்டுபோவதாக ஏற்பாடு.

புளியங்குடி எலுமிச்சை. நாலாக வகுந்து, அத்தை அளந்து போட்ட உப்பில் புரட்டி, ஜாடி வாயில் வெள்ளைத்துணி கட்டி, பகலெல்லாம் மொட்டைமாடி வெயில். சாயங்காலம் சித்தி ஜாடியை இடுப்பில் இடுக்கிக் குலுக்குவாள். பிள்ளையைக் குலுக்குவது போல என்று இப்போது எழுதத் தோன்றுகிறது. அப்போது எனக்கு வாயில் எச்சில் ஊறியது, அவ்வளவுதான். எட்டு வயது. போன வருஷம் ஈரக்கையை உள்ளே விட்டு அகப்பையால் அடி வாங்கியவள். இந்த வருஷம் தொடுவதில்லை என்று சபதம். காப்பாற்றியும் வந்தேன்.

பாட்டில்களை வெந்நீரில் கொதிக்கவைத்து, துடைத்துக் காயவைத்து, மூடியை அடைக்க மெழுகு உருக்கின காலையில் அத்தை துணியை அவிழ்த்தாள். மேலெல்லாம் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது.

"ஏட்டி, இது சும்மா பூக்குமா? நெசத்தச் சொல்லு. தூரமாயிட்டியா?"

"இல்ல மைனி. சின்னவ கைய விட்டிருப்பா. கேட்டுட்டு வாரேன்."

கிணற்றடியில் நின்ற என் கையைச் சித்தி பிடித்துக்கொண்டாள். சில்லென்றிருந்தது.

"மக்கா, கஞ்சி குடிச்ச கையோட ஜாடியத் தொட்டேன்னு சொல்லிருதியா? அத்த அடிக்க வந்தா நான் குறுக்க விழுந்துருதேன்."

"நான் தொடலியே சித்தி."

"தெரியும் மக்கா. எனக்காகச் சொல்லு."

அடுப்பங்கரையில் அத்தை கேட்டாள். தொடாமலிருந்த முதல் வருஷம் அது; அந்தப் பெருமையை எப்படி விட முடியும்? "நான் தொடல. சித்திதான் அப்படிச் சொல்லச் சொன்னா" என்றேன்.

அத்தை என் தலையைத் தடவிக்கொடுத்தாள். அதுதான் முதல் தடவை. பிறகு ஜாடியைக் கொண்டுபோய் எருக்குழியில் கவிழ்த்தாள். சித்தி பாயைச் சுருட்டிக்கொண்டு தானாகவே கொட்டகைக்குப் போனாள்.

எட்டு நாளுக்கு முன்பே கரு கலைந்திருக்கிறது. வலியை விழுங்கிக்கொண்டு மாடிப்படி ஏறி, யாருக்கும் சந்தேகம் வராதபடி தினமும் குலுக்கியிருக்கிறாள். அடுத்த லீவுக்கு இரண்டு வருஷம். அதுவரை எப்படி மறைப்பது என்று அவள் யோசித்தாளோ, யோசிக்கவே பயந்தாளோ. அம்மா இதை எனக்குச் சொன்னது நான் பிள்ளை பெற்ற பிறகு. உப்புக் குறைந்தாலும் பூசணம் பூக்கும், வெயில் குறைந்தாலும் பூக்கும் என்பதும் அதற்குப் பிறகு நானே ஊறுகாய் போட்டுத் தெரிந்துகொண்டதுதான். அந்த வாரம் முழுக்க வானம் மூடிக் கிடந்தது.

மத்தியானம் சோற்றுத் தட்டைக் கொட்டகை வாசலில் வைத்துவிட்டுக் கேட்டேன். "நான் பொய் சொல்லலைல்லா சித்தி?"

"இல்ல மக்கா" என்றாள். தட்டை இழுக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்குக் கிடைக்காது என்றிருந்த லீவு சித்தப்பாவுக்கு ஆறே மாதத்தில் கிடைத்தது. வீட்டு வாசலில் பந்தல் போட்டார்கள். சித்தி திருவேங்கடத்தில் அவள் அண்ணன் வீட்டில் இருந்தாள். எனக்கு அரக்குக் கரை வைத்த பட்டுப்பாவாடை எடுத்திருந்தார்கள். கல்யாணத்துக்கு எல்லோரும் வருகிறார்களே, சித்தியும் வருவாள், வந்ததும் முதலில் அவளிடம்தான் காட்ட வேண்டும் என்று, திருவேங்கடத்து பஸ் வரும் நேரமெல்லாம் தெருமுனைக்கு ஓடிக்கொண்டிருந்தேன்.