வள்ளத்துக்கு ஒரு அளவு பெரிய மோட்டார்

தொண்ணூறுகளில் திருப்பூரில் எங்கள் பக்கத்து வீட்டில், ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வந்த ஒரு டெய்லர் குடியிருந்தார். ஊரில் அவருடைய அண்ணன் சிறிய வள்ளத்தில் மீன்பிடித்தார். வள்ளத்தின் பின்பக்கம் மாட்ட எட்டு எச்.பி. மோட்டார் போதும் என்று அண்ணன் சொல்லியிருந்தார். தம்பி வாங்கி அனுப்பியதோ பதினைந்து.

அது எங்கள் வீட்டுச் சொந்தக்காரரின் யோசனை. இங்கே போர்வெல் நீர்மட்டம் வருடா வருடம் இறங்குவதால், எல்லோரும் ஒரு அளவு கூட்டியே மோட்டார் போடுவார்கள். "பெருசாவே வாங்குங்க, பின்னால வருத்தப்படக் கூடாதுங்க" என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது.

பிறகு ஒரு மாலை மூவரும் எஸ்.டி.டி. பூத்துக்குப் போனோம். அண்ணன் கத்திப் பேசியது எங்களுக்கும் கேட்டது.

"கனம் தாங்கலடா. பின்பக்கம் அமுங்கி அலை உள்ள ஏறுது."

வீட்டுச் சொந்தக்காரர் பூத்தின் கதவுக்குள் தலையை நீட்டினார். "முன்னால ரெண்டு மணல் மூட்டை வெக்கச் சொல்லுங்க."

டெய்லர் அதைச் சொன்னதும் அண்ணன் சிரித்தார். "மூட்டைய ஏத்திட்டு மீனை உன் மடியிலயா வைக்கிறது?" பழைய மோட்டாரை விற்றாகிவிட்டது, விடிந்ததும் இதையே மாட்டிக்கொண்டு கடலுக்குப் போகிறேன் என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

டெய்லர் மறுபடி அதே நம்பரைச் சுழற்றினார். அது அந்த ஊர் மளிகைக்கடை போன், கடைக்காரர்தான் எடுத்தார். போக வேண்டாம் என்று சொல்லச் சொன்னதற்கு, "சொன்னா கேக்குற ஆளா அவரு?" என்றார்.

டெய்லர் வெளியே வந்தார். "நாளைக்குக் காத்து அடிக்காதுல்ல?" என்று எங்களைக் கேட்டார்.

நாங்கள் இருவரும் நிமிர்ந்து திருப்பூர் வானத்தைப் பார்த்தோம்.