ஸ்டூரே அனுப்பிய ஒற்றைச் சொல்

ஸ்வீடனின் மேற்குக் கடலோரத் தீவுகளில் கானாங்கெளுத்தி மீனைப் புகைபோட்டுப் பதப்படுத்த ஸ்டூரேயை அடிக்க ஆள் கிடையாது. மிகை என்று நினைத்தால் தின்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். புகைக்கூடத்தைப் பலகை பலகையாகத் தம் கையாலேயே எழுப்பியவர். எழுபத்தோரு வயதுவரை யாரிடமும் பணிந்து பேசியதில்லை.

பத்து வருடமாகக் குன்வோரோடு உறவு. அவள் வீடு எதிர்க்கரையில். சனி, ஞாயிறு மட்டும் இவர் அங்கே. "இனிமே ஒரே வீட்டுல இருப்போம், வந்துடு" என்று போன வாரம் அவள் கேட்டாள். இன்னொருத்தர் கூரைக்கடியிலா என்று இவர் மழுப்பிக்கொண்டே இருந்தார்.

நடுக்கோடைத் திருநாளுக்கு முந்தின வியாழன் மத்தியானம். புகைக்கூடத்துக் கடைவாசலில் நீண்ட வரிசை. கைபேசி சிணுங்கியது. குன்வோர்தான்: "நமக்கு ரெண்டு மீன் எடுத்து வை." கடைசி மீனும் அப்போதுதான் போயிருந்தது. எண்ணெய் விரலால் "ஸ்லூட்" என்று தட்டி அனுப்பினார். ஸ்வீடிஷில் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

கூட்டம் கலைந்து, கடையைக் கழுவி முடித்த சாயங்காலம்தான் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். மீன் கேட்டதற்கும் இவர் பதிலுக்கும் நடுவே அவளுடைய இன்னொரு செய்தி: "நம்ம விஷயம் என்ன? வர்றியா, இல்லையா?" அதற்கு நேர்கீழே "ஸ்லூட்". உறவை முறித்துக்கொள்கிறவர்களும் அங்கே அதே சொல்லைத்தான் சொல்வார்கள்.

அழைத்தார். எடுக்கவில்லை. கடைக் கதவைக்கூடச் சாத்தாமல் படகை அவிழ்த்தார்.

குன்வோர் படகுத்துறையில் நின்றாள். காலடியில் ஒரு பெட்டி. உள்ளே இவருடைய செருப்பு, சவரக்கத்தி, கம்பளிச் சட்டை.

"பத்து வருஷத்துக்கு ஒத்தை வார்த்தையா, ஸ்டூரே? ரெண்டாவதுக்கு விரல் வலிச்சுதோ?"

"மீன் தீர்ந்துபோச்சுன்னுதான் சொன்னேன், குன்வோர்! உன் ரெண்டாவது சேதியை நான் பாக்கவே இல்ல."

"கண்ணாடி?"

"பையில இருந்துச்சு."

"அப்ப தப்பு கண்ணாடி மேல."

பெட்டியைப் பார்த்தார். "இல்ல, என் மேலதான். ஒரு வாரமா உன்னைக் காக்க வச்சதும் நான்தான். வந்துடுறேன். சேத்துக்குவியா?"

அவள் கல்லில் உட்கார்ந்தாள். "நான் ஸ்லூட், ஸ்டூரே."

அவர் முகம் வெளுத்துவிட்டது. அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"களைச்சுப்போயிட்டேன், மடையா! அதுக்கும் அதானே சொல்றோம்? மத்தியானம் பூரா அழுதுகிட்டே இதைக் கட்டினேன். இனி நீயே தூக்கு."

எந்தப் பக்கம் என்று ஸ்டூரே கேட்கவில்லை. பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவள் வீட்டைப் பார்த்து நடந்தார்.