கைப்பிடியில் சுற்றிய ரப்பர்

திருகுமரை தேய்ந்து ஆடிய, கித்தாரில் சுரத்தை அசைக்கும் டிரெமலோ கைக்கம்பியை என் மதுரங்குளி லேத் கடைக்குக் கொண்டுவந்த இளைஞன், "ரப்பரச் சுத்தி உடுங்க நாநா, இண்டைக்குக் கலியாண வீட்டுல வாசிச்சு முடியுமட்டும் நிண்டாப் போதும்" என்றான்.

சைக்கிள் டியூப்பைக் கீலமாக வெட்டியதும் எழுந்த வாசனையில் தில்லையடி அகதி முகாம் நினைவில் திரும்பி வந்தது: மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்த எங்களுக்கிருந்த ஒரே அடிபம்பு, வரிசையில் காயும் கலன்கள், உம்மாவுக்குப் பாரமென்று நான் தொங்கிய கைப்பிடி, அது எழும்போது தரையைவிட்டுக் கிளம்பும் என் கால்கள். கைப்பிடியின் மூட்டு ஆடும்போதெல்லாம் வாப்பா ரப்பர் சுற்றுவார்.

"நாங்க ஊருக்குப் போற ஆக்கள்தானே மகன், இது போதும்."

ரப்பர்மேல் ரப்பராக அந்த மூட்டு தடித்துப்போனது. ஊர் திரும்பாமலே வாப்பா முகாமில் மௌத்தானார். இன்று அங்கே பம்புமில்லை, குடிசையுமில்லை.

கைக்கம்பியில் சுற்றத் தொடங்கியிருந்த கீலத்தை அவிழ்த்தேன்.

"கொஞ்சம் இருங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, புது மரை வெட்டத் தொடங்கினேன்.