சாணி மெழுகிய நம்பர்

சும்மா கொடுக்கிற எதையும் எங்கள் அப்பா நம்ப மாட்டார். கோயிலில் கொடுக்கிற பொங்கலைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார். அந்தக் காலத்தில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனால், நாம் கொண்டுபோகும் பாட்டிலில் சிவப்பாக ஒரு மருந்து ஊற்றித் தருவார்கள். அம்மா ஒருமுறை அதை வாங்கிக்கொண்டு நைனார்பாளையம் வரை பஸ்ஸிலும், அங்கிருந்து எங்கள் ஊர் வரை நடந்தும், ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுவந்தாள். அப்பா மூடியைத் திறந்து மோந்தார், வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், அப்புறம் முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டார். "காசு வாங்காம குடுக்குறான்னா அதுல இன்னா இருக்கும்? தண்ணிதான் இருக்கும்" என்றார். காசு வாங்கிக்கொண்டு ஊசி போடுகிற டவுன் டாக்டர் மேல் மட்டும் அவருக்கு அப்படி ஒரு பக்தி. அந்த ஊசியை ஒருநாளும் தூக்கிப் பிடித்துப் பார்த்தவர் இல்லை.

அப்பாவே இப்படி என்றால், அவருடைய அண்ணன், எங்கள் பெரியப்பா, அதற்கும் மேலே. தெருவில் ரேடியோ வைத்திருந்தவர் அவர்தான். ரேடியோவில் சொன்னதை அவர் நம்ப மாட்டார். சொல்லாமல் விட்டதைத்தான் நம்புவார். அது என்ன என்று கண்டுபிடித்து, தெருவுக்கே விளக்கம் சொல்வது அவருடைய வேலை.

இப்படிப்பட்ட தெருவுக்குத்தான் மலேரியாக்காரர் பதினைந்து நாளைக்கு ஒருமுறை சைக்கிளில் வந்துபோனார். பேர் யாருக்கும் தெரியாது, கேட்டதும் இல்லை. "ஜொரம் கிரம் யாருக்காவது இருக்குதாம்மா?" என்று ஒவ்வொரு வாசலிலும் குரல் கொடுப்பார். இருந்தால் விரல் நுனியில் குத்தி, ஒரு கண்ணாடித் துண்டில் ரத்தத்தைத் தேய்த்து எடுத்துக்கொண்டு, கசப்பு மாத்திரை கொடுப்பார். யாருக்கும் ஒன்றும் இல்லாவிட்டாலும், வாசக்கால் ஓரத்துச் சுவரில் காவிக் கட்டியால் எழுதியிருக்கும் வீட்டு நம்பருக்குக் கீழே அன்றைய தேதியைப் போட்டுவிட்டுத்தான் நகர்வார். எங்கள் நம்பர் நாற்பத்தொன்று. பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே எனக்கு அந்த நான்கும் ஒன்றும் எழுத வரும்.

அப்போது எனக்கு எட்டு வயது. அந்த வருஷம் அப்பா வெள்ளிமலைப் பக்கம் நாலைந்து புளிய மரங்களைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். பத்து நாள் குடும்பத்தோடு மலையில் குடிசை போட்டுத் தங்கிப் புளி உலுக்கினோம். இறங்கி வந்த கொஞ்ச நாளில் அம்மாவுக்குக் குளிர்ஜுரம். ஒருநாள் விட்டு ஒருநாள், நேரம் வைத்தமாதிரி உச்சிவேளைக்கு வரும். பல் கிட்டித்துக்கொள்ளும், வீட்டில் இருக்கிற துணி எல்லாவற்றையும் மேலே போட்டாலும் உதறும். மறுநாள் ஒன்றும் நடக்காதமாதிரி எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவாள். அம்மா அப்போது மாசமாக இருந்தாள். பார்த்தால் தெரியாது. "தம்பி வரப்போறான்" என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள்.

அப்பா புளி விற்கக் கள்ளக்குறிச்சிக்குப் போயிருந்த ஒருநாளில் மலேரியாக்காரர் வந்தார். அம்மா கோணிக்கு மேல் கோணி போர்த்திக்கொண்டு கிடந்தாள். மாசமாக இருப்பதை அவள் சொல்லவில்லை. அந்நிய ஆம்பளையிடம் அதை எப்படிச் சொல்வாள்? அவர் விரலில் குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டு, நோட்டைப் பிரித்து, "வூட்டுக்காரர் பேரு இன்னாம்மா?" என்று கேட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். எங்கள் பக்கம் பெண்கள் புருஷன் பேரைச் சொல்வதில்லை. நான்தான் முன்னால் வந்து நின்று, தாத்தா பேரின் முதல் எழுத்தோடு சேர்த்து, பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோலச் சத்தமாக அப்பா பேரைச் சொன்னேன். "அட, கெட்டிக்காரப் பொண்ணு" என்று சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். அவர் போனதும் அம்மா, "ரத்தம் எடுத்தத அப்பாகிட்ட சொல்லிக்கினு நிக்காத" என்றாள். அவர் கொடுத்த மாத்திரையை விழுங்கினாள். கொஞ்ச நாள் ஜுரம் வரவில்லை.

அப்புறம்தான் மறியல் வந்தது. நம்ம ஜனத்துக்குப் படிப்பிலும் அரசாங்க வேலையிலும் தனியாக இடம் ஒதுக்கணும், அதுவரைக்கும் ரோட்டில் ஒரு வண்டி ஓடக்கூடாது என்று ஊர் ஆம்பளைகள் எல்லாரும் கிளம்பினார்கள். மலையில் புளி உலுக்கிய அதே அப்பா, கோடாலியை எடுத்துக்கொண்டு போய் ரோட்டோரத்துப் புளிய மரங்களை வெட்டிச் சாய்த்தார். குறுக்கே மரம் விழுந்து கிடந்தது. பஸ் நின்றுபோனது. போலீஸ் லாரி வருகிறது, ஆள் பேர் தெரிந்துவைத்துக்கொண்டு வீடு வீடாகப் பிடிக்கிறார்கள் என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். ஆம்பளைகள் கரும்புத் தோட்டத்தில் போய் ஒளிந்துகொண்டார்கள்.

பெரியப்பா மட்டும் தெருவில் நின்று யோசித்தார். எங்கள் வாசலில் வந்து நின்று சுவரையே பார்த்தார். அப்புறம் நாலு பேரைக் கூப்பிட்டு, "இந்த நம்பரு எதுக்கு? என்னிக்காச்சும் யோசிச்சிப் பாத்தீங்களா?" என்றார்.

"மலேரியாக்காரரு போட்டதுதானே?" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

"மலேரியாக்காரன் யாரு ஆளு? கவர்மெண்ட்டு. லாரி யாருது? கவர்மெண்ட்டு. எந்த வூட்ல யாரு கீறான், எத்தினி பேரு கீறான்னு அவன் நோட்டுல எழுதிக்கினு போறான். சுவத்துல அடையாளமும் போட்டு வெச்சிட்டான். லாரிக்காரன் வந்து எறங்கனா வழி கேக்கவே தேவல. நம்ம ஆளு ஒருத்தனாவது அந்த ஆபீஸ்ல இருந்தா நமக்கு சேதி வந்திருக்கும். அதுக்குத்தானே இவ்ளோ பாடும்!"

அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சுவர்களில் சாணி ஏறிவிட்டது. எங்கள் நாற்பத்தொன்றை நான்தான் அழித்தேன். ஒருமுறை மெழுகியது போதாது என்று மூன்று முறை மெழுகினேன். சுவரில் இருந்ததை அழித்துவிட்டேன், சரி. நோட்டில் இருப்பதை என்ன செய்வது? அப்பா பேரை எழுத்துப் பிசகாமல் சொல்லிக்கொடுத்த கெட்டிக்காரி நான்தானே! யாரிடமும் சொல்ல முடியாமல், சோறு இறங்காமல், ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் திடுக்கிட்டுக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் உச்சிவேளையில் ஒருவர் வந்தார். எங்கள் மலேரியாக்காரர் இல்லை, புது ஆள், சின்ன வயசு. முழங்கால் வரை சேறு. விழுந்து கிடந்த ஒவ்வொரு மரத்தின்மேலும் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கி வந்திருந்தார். மரத்துக்குக் காவல் இருந்த பையன்கள் அவருடைய பையைக் கொட்டிப் பார்த்திருக்கிறார்கள். மாத்திரைதான் இருந்ததாம். அதுதான் எல்லாருக்கும் இன்னும் சந்தேகமாகிவிட்டது.

"பஸ்ஸு இல்ல, வழி பூரா மரம் கெடக்குது. சம்பளம் வாங்கறவன் எவனாவது நடந்து வந்து மாத்திர குடுப்பானா?" என்றார் பெரியப்பா. "வேற சோலியாத்தான் வந்துகிறான்."

அந்த ஆள் கையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. தெருமுனையில் நின்று அதைப் பார்த்து ஒரு பேரைக் கேட்டார். முதல் எழுத்தோடு எங்கள் அப்பா பேர். எனக்கு உயிரே போய்விட்டது. "அப்டி ஆளே இங்க இல்லீங்க" என்று நாலு வீட்டில் சொல்லிவிட்டார்கள். நான் குறுக்கே ஓடி வந்து, "ம்மா, அப்பாவப் புடிக்க ஆளு வந்துட்டாங்க" என்றேன்.

அன்று அம்மாவுக்கு ஜுரம் திரும்ப வந்திருந்தது. ஆனாலும் எழுந்தாள். முந்தானையை இறுக்கிப் போர்த்திக்கொண்டு, வாசக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் வந்து சுவரைப் பார்த்தார். சாணி இன்னும் பச்சை நிறம் மாறாமல் இருந்தது.

"இந்த வூட்டு நம்பர் இன்னாம்மா?"

"நம்பரெல்லாம் இல்லீங்க."

"வெளியூரு எங்கனா போய்ட்டு வந்தீங்களா? மலைக்கு கிலைக்கு?"

"இல்லீங்க."

"உங்க வூட்டுக்காரரு ராத்திரில எங்க படுக்குறாரு? உள்ளயா, வெளியவா?"

அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். போலீஸ் கேட்காத கேள்வியா இது? கொசுக்கடிக்குக் கேட்கிற கேள்வி என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். அன்று அது அப்பாவை வளைத்துப் பிடிக்கிற கேள்வியாகத்தான் இருந்தது.

"அவுரு ஊர்லயே இல்லீங்க" என்றாள் அம்மா. குரல் உதறியது.

"ஏம்மா, ஒனக்கு ஜொரமா? ஒடம்பு இப்டி ஒதறுது?"

"இல்லீங்க. இப்பதான் தல முழுகினேன்."

"தல காஞ்சி கெடக்குதே."

அவருக்கும் எங்கள் மேல் சந்தேகம் வந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. "இந்த வூட்ல யாருக்காவது முன்ன ரத்தம் எடுத்தாங்களா? நல்லா நெனச்சிப் பாத்துச் சொல்லும்மா" என்றார். அம்மா வாயைத் திறந்தாள். நான் அவள் பின்னால் நின்றபடி முந்தானையை ஒரு இழு இழுத்து, இல்லை இல்லை என்று தலையை ஆட்டினேன். எடுத்தோம் என்று சொன்னால் யார் பேரில் எழுதினார்கள் என்று வரும், அப்பா பேர் வரும், லாரி வரும். என் மண்டையில் அவ்வளவும் ஓடி முடிந்திருந்தது.

"எடுக்கலீங்க" என்றாள் அம்மா.

"சரி, இந்த மாத்திரயாவது வாங்கிக்கோ. பைசா வாணாம்."

"வேணாங்க. எங்களுக்கு ஒண்ணுமில்ல. நீங்க போய்ட்டு வாங்க."

அவர் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தலையை அசைத்தபடி போனார். மரத்தின்மேல் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறுகிற வரைக்கும் தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா அப்படியே வாசப்படியில் உட்கார்ந்துவிட்டாள். பெரியப்பா வந்து, தம்பி பெண்டாட்டியிடம் நேராகப் பேசாத மனுஷன், அன்று, "கெட்டிக்காரிம்மா நீ. வூட்டக் காப்பாத்திட்ட" என்றார். எனக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

அதற்கு ரெண்டு நாள் கழித்து அம்மாவுக்கு உடம்பு ரொம்ப முடியாமல் போனது. கட்டை வண்டியில் வைக்கோல் போட்டுப் படுக்கவைத்தார்கள். ரோட்டில் போக முடியவில்லை, மரம். கரும்புத் தோட்டத்திலிருந்து வந்த அப்பாவே முன்னால் நடந்து, வயல்களுக்கு நடுவே சுற்றிச் சுற்றி வண்டியை டவுனுக்கு ஓட்டிக்கொண்டு போனார். அப்புறம் அம்மாவைத் திரும்பக் கூட்டிவந்தார்கள். தம்பி வரமாட்டான் என்று சொன்னார்கள். பஸ் ஓடாததால்தான் வரவில்லை போலிருக்கிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, "ரோடு தொறந்தா வந்துருவானாம்மா?" என்று கேட்டேன். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

போலீஸ் லாரியும் ஒருநாள் வந்தது. எந்தச் சுவரையும் பார்க்கவில்லை. டீக்கடையில் நின்றவர்களை அள்ளிப் போட்டுக்கொண்டு போனது. அதில் பெரியப்பாவும் ஒருவர். சில நாளில் எல்லாரையும் விட்டுவிட்டார்கள்.

மரங்களை அப்புறப்படுத்தி, பஸ் ஓட ஆரம்பித்த பிறகு எங்கள் பழைய மலேரியாக்காரர் வந்தார். சாணிச் சுவரைப் பார்த்துக் கொஞ்ச நேரம் தடுமாறிவிட்டு, என்னைப் பார்த்ததும், "நாப்பத்தொன்னு! அப்பா பேரச் சொன்ன பொண்ணுதானே நீ?" என்றார். நான் வாசக்காலுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அன்று பார்த்து அப்பாவும் வீட்டில்தான் இருந்தார், வெளியே வந்துவிட்டார்.

"இன்னாப்பா, ஒரு தம்பிய அனுப்பினனே, வந்தானா? என்னை வேற பக்கம் டூட்டிக்கு அனுப்பிட்டாங்க. நம்பரும் உன் பேரும் எழுதிக் குடுத்தேன். அப்டி வூடே இல்லன்னு சொல்லி அனுப்பிட்டாங்கன்னு வந்து சொல்றான்."

"என்னை எதுக்குத் தேடினீங்க?" என்றார் அப்பா.

"உன்னை யாருப்பா தேடினது? உன் சம்சாரம் ரத்தத்துல மலேரியா பூச்சி இருந்திச்சி. அன்னிக்கு நான் குடுத்த மாத்திர அதுக்குப் பத்தாது. நாங்க வூட்டுக்காரர் பேர்லதான் எழுதுவோம். சீக்கிரம் மாத்திர குடுத்துடுன்னு சொல்லி அனுப்பினேன்."

பையிலிருந்து மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். அப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மோந்து பார்க்கவில்லை, தூக்கிப் பிடித்தும் பார்க்கவில்லை. உள்ளே போய் அவரே சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து அம்மாவிடம் நீட்டினார். அம்மா மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"என்னத் தேடிக்கினா வந்தாரு, அவ்ளோ தூரம்?" என்று கேட்டாள்.

அவளைத் தேடி ஒருவர் அத்தனை மரம் தாண்டி வருவார் என்பது எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றியிருக்கவில்லை. அவளுக்கே தோன்றியிருக்கவில்லை. அப்பா சொம்பை வைத்துவிட்டு, வாசலுக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. எதற்கு அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அழுவதற்கு என்ன இருக்கிறது? நான் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை! இத்தனை நாள் வயிற்றில் கிடந்த கல் இறங்கிவிட்டது. அவரைத் தாண்டித் தெருவில் குதித்து, பெரியப்பா வீட்டைப் பார்த்து, ஊருக்கே கேட்கிறமாதிரி கத்திக்கொண்டு ஓடினேன்.

"எங்கப்பாவ யாரும் தேடலயாம்! எங்கம்மாவத்தான் தேடி வந்தாங்களாம்!"