யாரும் மாற்ற முடியாத படம்

அப்பாவின் காரியம் முடிந்து நான் திண்டிவனத்துக்கு வேலைக்குத் திரும்பிய அன்று, கல்லூரி வாசலில் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. கல்லூரி முதலாளியின் தந்தை இறந்துவிட்டார் என்று காவலாளி சொன்னார்.

நான் அங்கே கம்ப்யூட்டர் லேப் பொறுப்பாளர், விழுப்புரத்திலிருந்து தினமும் போய்வருகிறவள். கையெழுத்துப் போட்டதும் ஆபீஸ் மேனேஜர் கூப்பிட்டு ஒரு பென் டிரைவைக் கொடுத்தார்.

"எல்லா சிஸ்டத்துலயும் லாக் ஸ்கிரீன்ல பெரிய ஐயா படம் வரணும்மா. பசங்க மாத்த முடியாத மாதிரி பண்ணிடு. இல்லாங்காட்டி நடிகர் படத்த வெச்சிருவானுங்க."

"சரிங்க சார்."

"உங்கப்பாவுக்கு எல்லாம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்க சார்."

"ஜல்தியா பண்ணிடு. முதலாளி மதியம் வர்றாரு."

செட்டிங்ஸில் போய்ப் படத்தை வைத்தால் யார் வேண்டுமானாலும் மாற்றிவிடலாம். மாற்ற முடியாதபடி செய்ய ரெஜிஸ்ட்ரிக்குள் போக வேண்டும். கம்ப்யூட்டர் தன் வழக்கங்களையெல்லாம் குறித்து வைத்திருக்கும் இடம் அது. சும்மா தேடினால் கண்ணில் படாது. பெயரைத் தட்டிக் கூப்பிட்டால்தான் வரும். ஒன்றுக்குள் ஒன்றாக ஃபோல்டர்களைத் திறந்து கீழே போய், படம் எங்கே இருக்கிறது என்று எழுத வேண்டும். ஓர் எழுத்து தவறினாலும் படம் வராது.

ஒவ்வொரு மெஷினாக உட்கார்ந்து இதையே செய்தேன். அழுகை வரவில்லை. தோள்பட்டை வலித்தது, அது மட்டும் தெரிந்தது. திரைக்குத் திரை வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு, நான் நேரில் பார்த்தேயிராத ஒரு முகம்.

மதியம் முதலாளி வந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார். கடைசித் திரையருகே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்து வீட்டில் தம்பியிடம் இதைச் சொன்னேன். அவன் பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனிக்குப் போய்வருகிறவன்.

"நம்ம லேப்டாப்புலயும் அப்பாவ அதே மாதிரி வெச்சிடுக்கா" என்றான்.

அப்பாவுக்கு நல்ல படம் கிடையாது. மார்க்கெட் கமிட்டியில், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டை தூக்கியவர் அவர். ஆதார் அட்டையிலிருந்த முகத்தை வெட்டி, யாருடையதோ ஒரு கோட்டின் மேல் பொருத்தி, ஸ்டுடியோக்காரர் ஒரு படம் செய்து தந்திருந்தார். அதையே வைத்தேன். தம்பி சோதித்துப் பார்ப்பதற்காக செட்டிங்ஸைத் திறந்தான்.

"உங்க ஆர்கனைசேஷன் இத கன்ட்ரோல் பண்ணுதுன்னு காட்டுது. நம்ம வீட்டுக்கு ஏதுக்கா ஆர்கனைசேஷன்?"

இரண்டு பேருக்குமே சிரிப்பு வரவில்லை.

டிவி பழுதாகியிருந்ததால் அம்மா அந்த லேப்டாப்பில்தான் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். சில நாட்கள் கழித்து ஒரு சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்.

"அந்தப் படத்த எடுத்துடும்மா."

"ஏம்மா?"

"தொறக்கும்போதெல்லாம் அந்தக் கோட்டப் போட்டுக்கினு பாக்கறாரு. நம்மளத் தெரியாதவரு மாதிரி கீது."

பையைக்கூட இறக்கி வைக்காமல் உட்கார்ந்து ரெஜிஸ்ட்ரியைத் திறந்தேன். எழுதியதைத் தேர்ந்தெடுத்தேன். நிச்சயமாக அழிக்க வேண்டுமா என்று கேட்டது. ஆமாம் என்று தட்டினேன். மனதுக்குள் ஏதாவது நடக்கும் என்று கொஞ்சம் காத்திருந்தேன். நடக்கவில்லை.

கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டபோது அதுவாக ஒரு படத்தைக் காட்டியது. ஓர் ஏரி, பின்னால் பனி மூடிய மலை. அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எந்த ஊரு இது?"

"தெரியலம்மா."

"ஆளே இல்ல பாரு" என்றாள்.

நான் பாஸ்வேர்டைத் தட்டி அவளுடைய சீரியலைப் போட்டுவிட்டு முகம் கழுவப் போனேன்.